பாஸ்தாவுக்கு அடுப்பு எவ்வளவு நேரம் எரிய வேண்டும்?

2022 செப்டம்பரில் இத்தாலியில் ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் நோபல் வாங்கிய இயற்பியலாளர், இன்னொரு பக்கம் மிஷெலின் நட்சத்திரம் வாங்கிய சமையல்காரர். பாஸ்தா வெந்துகொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாமா கூடாதா என்பதுதான் விவகாரம்.

விஞ்ஞானியின் பெயர் ஜோர்ஜோ பரீசி. 2021-ல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்ய எரிவாயுவை நம்பியிருந்த ஐரோப்பிய வீடுகளில் கேஸ் பில் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்த நேரம் அது. கட்டடக் கலைஞர் ஒருவர் எழுதிய யோசனையை பரீசி தன் ஃபேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். தண்ணீர் கொதித்ததும் பாஸ்தாவைப் போடு, இரண்டு நிமிடம் போகட்டும், அடுப்பை அணைத்து மூடி வை, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக விட்டு வடித்துவிடு. முக்கியமான விஷயம் மூடி போடுவதுதான், சூடு பெரும்பாலும் ஆவியாகத்தான் வெளியே போகிறது என்று அவர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். சமையல்காரர் அன்தோனெல்லோ கொலோன்னா சும்மா இருக்கவில்லை. அப்படிச் செய்தால் பாஸ்தா ரப்பர் மாதிரி ஆகிவிடும், நல்ல உணவகத்தில் பரிமாறவே முடியாது என்றார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

சோறு வடிக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. உலை வைத்து, நிறைய தண்ணீரில் அரிசியைக் கொதிக்கவிட்டு, பதம் பார்த்துக் கஞ்சியை வடிப்பது ஒரு முறை. அளந்து தண்ணீர் வைத்துக் குக்கரில் மூன்று விசில் விடுவது இன்னொரு முறை. அரை வேக்காட்டில் இறக்கி, பானையோடு தெர்மல் குக்கர் என்கிற சூடு காக்கும் டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புவது மூன்றாவது முறை. கோயம்புத்தூர் பக்கம் அந்த டப்பா இல்லாத தெருவே ஒருகாலத்தில் இல்லை என்று என் சித்தி சொல்வார். எது ருசி என்று நாமும் சண்டை போடுவோம். ஆனால் வடிக்காத சோறு சோறே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள் (என் பாட்டியைத் தவிர). பாஸ்தா விஷயத்தில் மட்டும் பெரிய பாத்திரம், தளதளவென்று கொதிக்கும் தண்ணீர், 100 கிராமுக்கு ஒரு லிட்டர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்கிற கணக்கு வேதவாக்காகிவிட்டது. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் அதுதான் அச்சிட்டிருக்கும்.

அந்த வேதம் அப்படியொன்றும் பழையதும் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாஸ்ட்ரோ மார்த்தினோ என்ற இத்தாலிய சமையல்காரர் சிசிலி மக்ரோனிக்கு எழுதிவைத்த குறிப்பில் இரண்டு மணி நேரம் வேகவை என்கிறார். இரண்டு மணி நேரம்! இன்று ஒன்பது நிமிடத்துக்குமேல் அரை நிமிடம் போனால் முகம் சுளிக்கும் அதே இத்தாலியர்களின் முன்னோர்தான்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? பாஸ்தா என்பது டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையைத் தண்ணீர் விட்டு இறுகப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காயவைத்தது. நம் சேமியாவுக்கு அண்ணன் முறை. அதில் இரண்டு சங்கதிகள். ஒன்று மாவுச்சத்து மணிகள். இன்னொன்று அந்த மணிகளை வலை மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் குளூட்டன் என்கிற புரதம். காய்ந்த பாஸ்தா உண்ணும் பதத்துக்கு வர இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். தண்ணீர் வெளியிலிருந்து நடுவரைக்கும் இறங்க வேண்டும். அப்புறம், தண்ணீர் சேர்ந்த மாவுச்சத்து சூட்டில் ஊதி, களி மாதிரி ஆக வேண்டும். அதே சூட்டில் புரத வலையும் இறுகி, ஊதிய மாவு வெளியே வழிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இதில் முதல் வேலைக்குச் சூடு கட்டாயமில்லை. பச்சைத் தண்ணீரிலும் பாஸ்தா ஊறும், மெதுவாக ஊறும், அவ்வளவுதான். இரண்டாவது வேலைக்குச் சூடு வேண்டும், ஆனால் 100 டிகிரி வேண்டியதில்லை. கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டியே ஊதத் தொடங்கிவிடும். புரதம் நன்றாக இறுக 80 டிகிரி வாக்கில் இருந்தால் போதும். ஊட்டி 2,200 மீட்டருக்குமேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கேயும் பாஸ்தா வேகத்தான் செய்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். தளதளவென்று குமிழி வருவது பார்க்க வேகமாக நடப்பதுபோல் இருக்கும், ஆனால் மெல்லக் கொதிக்கும் தண்ணீரும் துள்ளிக் கொதிக்கும் தண்ணீரும் ஒரே சூடுதான். கூடுதலாக எரிக்கும் கேஸ் முழுக்க ஆவியாகிப் புகைபோக்கிக்குப் போகிறது.

ஊறுவதுதான் நேரம் பிடிக்கும் வேலை. தடிமன் இரு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய கப்பெல்லீனி மூன்று நிமிடத்தில் தயாராக, அதில் இரண்டு மடங்குகூட இல்லாத ஸ்பகெட்டி ஒன்பது பத்து நிமிடம் கேட்பது இதனால்தான். முக்கால்வாசி வெந்த ஸ்பகெட்டியைக் குறுக்கே கடித்து வெளிச்சத்தில் பாருங்கள், நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். தண்ணீர் இன்னும் எட்டாத இடம் அது. இத்தாலியர்கள் அதை ஆனிமா, அதாவது ஆன்மா என்கிறார்கள். அந்தப் புள்ளி மறையப்போகிற கணம்தான் அல் டென்டே. பல்லில் லேசாகத் தட்டுப்பட வேண்டும்.

பெரிய பாத்திரத்துக்கு ஆதரவாகச் சொல்லும் வாதம் பெரும்பாலும் இதுதான்: பாஸ்தாவைப் போட்டதும் தண்ணீர் ஆறிவிடக் கூடாது, நிறைய தண்ணீர் இருந்தால் ஆறாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைக் கிலோ பாஸ்தா அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்கு வர ஏறக்குறைய 60 கிலோஜூல் உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து லிட்டர் தண்ணீர் இருந்தால் அது மூன்று டிகிரி இறங்கும், ஒன்றரை லிட்டர் இருந்தால் பத்து டிகிரி. ஆனால் அந்த 60 கிலோஜூலை அடுப்பு திரும்பக் கொடுத்தே ஆக வேண்டும், பாத்திரம் எதுவானாலும். ஆக, மறுபடி கொதி வர ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்னொரு வாதம், கொஞ்சத் தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும் என்பது. இதில் உண்மை உண்டு. போட்ட முதல் இரண்டு நிமிடத்தில் மேல்பரப்பு மாவு பசையாகிறது. அப்போது கிளறாமல் விட்டால் ஐந்து லிட்டரிலும் ஒட்டும். அந்த இரண்டு நிமிடம் கரண்டியோடு நின்றால் ஒன்றரை லிட்டரிலும் ஒட்டாது. பாத்திரத்தின் அளவைவிட கரண்டி பிடித்தவரின் கவனம்தான் இங்கே பெரிது. என் ஓட்டு கரண்டிக்கு.

சரி, பரீசி சொன்னது சரியா? மூடி விஷயத்தில் முழுக்கச் சரி. நான்கு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க சுமார் 1,180 கிலோஜூல் வேண்டும். திறந்து போட்டுத் துள்ளக் கொதிக்கவிட்டு, கால் லிட்டர் ஆவியாகப் போனால் அதற்கே 560 கிலோஜூல். கொதிக்கவைக்க ஆன செலவில் பாதி, வெறும் ஆவிக்கு. அணைத்து மூடிய பாத்திரத்தில் தண்ணீர் பத்து நிமிடத்தில் 80 டிகிரிக்குக் கீழே போகாதவரை பாஸ்தா வெந்துவிடும். அடி கனமான பாத்திரம், பொருத்தமான மூடி, கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர், இந்த மூன்றும் இருந்தால் போகாது. மெல்லிய அலுமினியச் சட்டியில் அரை லிட்டர் வைத்து, மூடிக்குப் பதில் தட்டைக் கவிழ்த்தால் கொலோன்னா சொன்ன ரப்பர்தான் கிடைக்கும். அவர் சொன்னதும் பொய்யில்லை. சூடு இறங்க இறங்கப் புரதம் இறுகுவது மந்தமாகும், மேலே பசையும் உள்ளே அரைகுறையுமாக நிற்கும். தடித்த ரிகத்தோனியில் இது நன்றாகவே தெரியும், மெல்லிய வகைகளில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், யோசனை புதிதே இல்லை. இத்தாலியில் இதற்கு முன்பே அன்யேஸி முறை என்ற பெயர் உண்டு. வடமேற்கு இத்தாலியின் இம்பெரியா ஊரில் பாஸ்தா ஆலை நடத்திய வின்சென்சோ அன்யேஸி பரப்பியது. இரண்டு நிமிடம் கொதி, அணை, கனமான துணியால் போர்த்தி மூடிவை. அதே 2022-ல் பரில்லா நிறுவனமும் இதைக் கையில் எடுத்து, வகைக்கு வகை நேரம் போட்டுப் பிரசாரம் செய்தது. பாஸ்தா விற்கிறவர்களே அடுப்பை அணைக்கச் சொன்னால் பிறகு பழிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் நான் முதல்முறை இதைச் செய்தபோது அம்மா அடுப்பறைக்குள் வந்து பார்த்தார். “என்னடா, கேஸ் தீந்துபோச்சா?”

“இல்லம்மா, அணைச்சு வெச்சிருக்கேன். அதுவா வெந்துடும்.”

“தெர்மல் குக்கர்ல போட்டிருந்தா இன்னும் நல்லா வெந்திருக்குமே.”

அதற்குமேல் பரீசியைப் பற்றி விளக்க எனக்கு ஒன்றுமில்லை. மறுநாள் தெர்மல் குக்கரிலேயே வைத்தோம். நன்றாகத்தான் வந்தது. ஒரே சிக்கல், அது சூட்டை விடவே விடாது. பன்னிரண்டாவது நிமிடம் எடுக்க மறந்து போன் பேசிக்கொண்டிருந்ததில் இருபதாவது நிமிடம் எடுத்தேன், பாஸ்தா மார்த்தினோ காலத்துக்குப் போயிருந்தது.

காசு கணக்கையும் நேர்மையாகப் போட்டுவிடலாம். நம் வீட்டு அடுப்பில் எரியும் கேஸின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. அந்தக் கணக்கில் நான்கு லிட்டரைக் கொதிக்கவைக்க 40 கிராம் கேஸ், ஒன்றரை லிட்டருக்கு 15 கிராம். மிச்சம் 25 கிராம். வாரம் ஒருமுறை பாஸ்தா செய்யும் வீட்டில் வருடத்துக்கு ஒன்றேகால் கிலோ சொச்சம், 14.2 கிலோ சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்காக ஒருவர் பாஸ்தா முறையை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. இத்தாலியில் கதை வேறு. தலைக்கு வருடம் 23 கிலோ பாஸ்தா சாப்பிடுகிற ஊர். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் என்றால் ஒவ்வொருவருக்காகவும் வருடத்துக்கு 230 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். நமக்கு மிச்சமாவது கேஸைவிட நேரம். நான்கு லிட்டர் கொதிக்கக் கால் மணி நேரம் பிடிக்கும், ஒன்றரை லிட்டருக்கு ஐந்தாறு நிமிடம் போதும். அலுவலகத்திலிருந்து வந்து நிற்கும்போது அந்தப் பத்து நிமிடம் பெரிது.

தண்ணீரைக் குறைப்பதைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் உணவு அறிவியல் எழுத்தாளர் ஹரால்டு மெக்கீ. 2009-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஒரு பவுண்டு பாஸ்தாவை, அதாவது சுமார் 450 கிராமை, இரண்டு லிட்டருக்கும் குறைவான பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அடிக்கடி கிளறினார். வெந்தது. அமெரிக்க வீடுகள் எல்லாம் இப்படிச் செய்தால் வருடத்துக்கு இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பீப்பாய் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தி மிச்சம் என்று ஒரு கணக்கும் போட்டார். கணக்கோடு நிற்காமல், இத்தாலிய சமையலின் பெரிய கைகளான மார்செல்லா ஹசானையும் லிதியா பாஸ்தியானிச்சையும் செய்து பார்க்கச் சொன்னார்.

பச்சைத் தண்ணீரில் ஆரம்பிப்பதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒட்டாமல் இருப்பது. சூடில்லாத தண்ணீரில் மாவு பசையாகாது, துண்டுகள் தனித்தனியாக நனைந்துவிடுகின்றன. பிடிக்காத விஷயம், பாக்கெட்டில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு செல்லாது. உங்கள் அடுப்பு எவ்வளவு வேகமாகச் சூடேற்றுகிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். கொதி வந்த பிறகு நான்காவது நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பென்னே, ஃபூசில்லி போன்ற குட்டை வகைகளுக்கு நல்லது. ஸ்பகெட்டி என்றால் அகலமான வாணலியில் படுக்கப் போட வேண்டும்.

இந்த முறையின் நிஜமான லாபம் வடித்த தண்ணீரில் இருக்கிறது. நம் கஞ்சித்தண்ணி மாதிரியே பாலாக, கொழகொழப்பாக நிற்கும். ஐந்து லிட்டரில் கரைந்திருக்க வேண்டிய மாவு ஒன்றரை லிட்டரில் இருக்கிறதல்லவா, மூன்று மடங்கு கெட்டி. சாஸில் இரண்டு கரண்டி விட்டால் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் ஒன்றாகிப் பாஸ்தாமேல் படியும். ரோம் நகரத்து காச்சோ இ பெப்பே, வெறும் பெக்கோரீனோ சீஸும் மிளகும் சேர்ந்தது, இந்த மாவுத் தண்ணீர் இல்லாமல் நடக்காது. சூட்டில் சீஸ் திரிந்து கட்டியாகிவிடும். இதை இயற்பியலாளர்கள் குழு ஒன்று உட்கார்ந்து அளந்து ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டது. சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் திரியாது, ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் திரியும் என்று கண்டார்கள். 2025-ல் இயற்பியலுக்கான இக் நோபல், சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு, அவர்களுக்குக் கிடைத்தது.

தண்ணீரைக் குறைக்கும்போது ஒரு எச்சரிக்கை, உப்பு. லிட்டருக்கு 10 கிராம் என்பது வடிக்கும் முறைக்கான கணக்கு. கால் கிலோ பாஸ்தா தன் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர் குடிக்கும். ஆக உள்ளே போவது மூன்று கிராம் உப்பு, மிச்சம் தொட்டியில். வடிக்காமல் செய்தால் போட்டது முழுக்க உங்கள் தட்டுக்கு வரும். கால் கிலோவுக்கு மூன்று கிராம், அரை டீஸ்பூன். சாஸில் சீஸோ சோயாவோ இருந்தால் அதிலும் குறைக்கலாம்.

ஊறவைத்துச் செய்வது, ஊறுவதையும் வேகுவதையும் தனித்தனியாகப் பிரிப்பதில் கடைசி எல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த சமையல் தம்பதி அகி கமோசாவாவும் அலெக்ஸ் டால்போட்டும் பிரபலமாக்கியது. பாஸ்தாவின் எடையைப்போல் நான்கு மடங்கு பச்சைத் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவிட வேண்டும். நிறம் வெளுத்து, ஸ்பகெட்டி ரப்பர் பேண்ட் மாதிரி வளையும். அதை வடித்துக் கொதிக்கும் தண்ணீரிலோ கொதிக்கும் சாஸிலோ ஒரு நிமிடம் விட்டால் போதும், சாப்பிடலாம். ஒரு நிமிடம்தான். தண்ணீர் ஏற்கெனவே நடுவரைக்கும் போய்விட்டது, சூடு போனால் மட்டும் போதும். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறப்போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விருந்து வரும் நாளில் எனக்கு இதுதான் கை கொடுக்கிறது. காலையிலேயே ஊறவைத்து வடித்து, ஒரு சொட்டு எண்ணெய் புரட்டி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன்.

ஒருமுறை மட்டும் மோசம் போனேன். மளிகைக் கடையில் நிறுத்து விற்கும் மைதா மக்ரோனியை ஊறவைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாத்திரத்தில் இருந்தது மக்ரோனி இல்லை, போஸ்டர் ஒட்டும் பசை. டியூரம் ரவையின் இறுக்கம் மைதாவுக்குக் கிடையாது. இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டார்கள். இங்கே பாக்கெட்டின் பின்பக்கம் படித்துத்தான் வாங்க வேண்டும். முட்டை சேர்த்து வீட்டில் உருட்டிய ஈரப் பாஸ்தாவுக்கும் ஊறவைப்பது, பச்சைத் தண்ணீர், அணைத்து மூடுவது எதுவும் ஆகாது. அதில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. மேல்பரப்பு உடனே இறுகக் கொதிக்கும் தண்ணீர்தான் வேண்டும். அதற்கு அந்தப் பழைய பெரிய பாத்திரமே சரி.

நம் ஊரில் பாஸ்தா உண்மையில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால், பாதி வீடுகளில் குக்கர்தான். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, மிளகாய்த்தூள் போட்டு, பாஸ்தாவைப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மூடிவிடுவார்கள். இத்தாலியர் பார்த்தால் மயங்கி விழுவார் என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேப்பிள்ஸில் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் சேர்ந்த பாஸ்தா இ பத்தாத்தே ஒரே பாத்திரத்தில், வடிக்காமல் வேகிறது. அவரை வகைப் பயறோடு வேகும் பாஸ்தா இ ஃபஜோலியும் அப்படியே. வடிப்பது இத்தாலியின் ஒரே முறை என்பது நாம் கட்டிக்கொண்ட கதை.

குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது சூடு 120 டிகிரிவரை போகும், ஆகவே பாக்கெட் நேரத்தில் பாதிகூட வேண்டாம். ஒரு விசில், அணை, ஐந்து நிமிடம் கழித்து மிச்ச ஆவியை விட்டுத் திற. நான் பின்பற்றுவது இதுதான். அந்த ஐந்து நிமிடமும் பரீசி சொன்ன மாதிரிதான், அடுப்பு அணைந்த பிறகு நடக்கும் வேக்காடு. மூன்று விசில் விட்டால் பாஸ்தா பொங்கல். ஆபத்து எங்கே என்றால் நுரையில். மாவுத் தண்ணீர் பொங்கி நுரைத்து வெயிட் துளைவரைக்கும் ஏறும். முதல்முறை நான் முக்கால் குக்கர் நிரப்பி வைத்தேன். விசிலுக்குப் பதிலாக ஆரஞ்சு நிற நுரை பீய்ச்சியடித்து, சுவர் டைல்ஸ், கேஸ் ட்யூப், காலண்டர் எல்லாம் தக்காளி. அன்றிலிருந்து பாதிக்குமேல் நிரப்புவதில்லை, ஒரு கரண்டி எண்ணெய் விடாமல் மூடுவதுமில்லை. எண்ணெய் நுரையை அடக்கும்.

மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் இரண்டும் வேலை செய்யும். விடுதி அறையில் இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். மற்றபடி அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. ஓவனில் வைக்கும் அடுக்குப் பாஸ்தாவான லசான்யாவுக்குப் பாஸ்தாத் தாள்களை முன்கூட்டி வேகவைக்காமல், சாஸை மட்டும் கொஞ்சம் நீர்க்க விட்டு அடுக்கினாலே வெந்துவிடும்.

வறுப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சேமியாவை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, அளந்த தண்ணீரில் வேகவைப்பது நம் உப்புமா. ஸ்பெயினின் வலென்சியா கடற்கரையில், காந்தியா ஊரின் ஃபிதேவா என்ற பண்டமும் ஏறக்குறைய அதேதான். குட்டைச் சேமியாவை அகலச் சட்டியில் வறுத்து, மீன் வேகவைத்த சாற்றை ஊற்றி, கிளறாமல் வற்றவிடுகிறார்கள். வறுத்த மாவு தண்ணீரை மெதுவாகக் குடிக்கும், குழையாது. நம் அம்மாக்கள் காரணம் சொல்லாமல் செய்வதும் அதற்காகத்தான்.

ஆனால் வேகவைக்காத பாஸ்தாவில் உச்சம் எது என்று கேட்டால், தெற்கு இத்தாலியின் பாரி நகரத்து ஸ்பகெட்டி அல்லஸஸ்ஸீனா என்பேன். பெயருக்கு கொலைகாரி ஸ்பகெட்டி என்று பொருள் சொல்லலாம், மிளகாய்க் காரத்துக்காக. 1967-ல் அந்த ஊர் உணவகம் ஒன்றில் என்சோ ஃப்ரான்காவில்லா என்ற சமையல்காரர் செய்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 2013-ல் பாரிக்காரர்கள் இதைக் கட்டிக்காக்க ஒரு அகாதெமியே தொடங்கிவிட்டார்கள்.

செய்முறை நம் கையில் இருக்கும் இரும்பு வாணலிக்கென்றே உண்டானது போலிருக்கும். தோசைக்கல் அளவு அகலமான இரும்புச் சட்டி, நான்ஸ்டிக் கூடாது. எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, பூண்டும் காய்ந்த மிளகாயும் போட வேண்டும். தக்காளி விழுது இரண்டு கரண்டி. அதன்மேல் வேகாத ஸ்பகெட்டியை அப்படியே, உடைக்காமல், படுக்கப் போட வேண்டும். பக்கத்து அடுப்பில் தக்காளி பேஸ்டும் உப்பும் கரைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கட்டும். அதிலிருந்து ஒரு கரண்டி மொண்டு ஸ்பகெட்டிமேல் ஊற்றினால் சட்டி சீறும். கிளறக் கூடாது. ஸ்பகெட்டி அந்தத் தண்ணீரைக் குடிக்கும், குடித்து முடித்ததும் கொதிக்கிற குளுகுளு சத்தம் நின்று, எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் படபடவென்று ஒரு சத்தம் ஆரம்பிக்கும். அங்கேதான் தைரியம் வேண்டும். கை பரபரக்கும், ஊற்றிவிடத் தோன்றும். பொறுக்க வேண்டும். தண்ணீர் தீர்ந்த இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறி, அடிப்பக்கம் சிவந்து கருகத் தொடங்கும், தக்காளியின் இனிப்பு கசப்போடு கலந்து வாசம் கிளம்பும். அப்போது தோசைத் திருப்பியால் அடியோடு வழித்துப் புரட்டி, அடுத்த கரண்டி. மறுபடி சீறல், மறுபடி காத்திருப்பு. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆறேழு கரண்டி உள்ளே போயிருக்கும். ஸ்பகெட்டி பாதி மொறுமொறு, பாதி மெத்து, ஆங்காங்கே கரி.

என் முதல் அஸஸ்ஸீனாவை அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சட்டியைப் பார்த்தார். “அடி பிடிச்சுப்போச்சே” என்றார். பிறகு அதே தோசைத் திருப்பியை எடுத்து, சட்டியில் ஒட்டியிருந்த காந்தலைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.